பஞ்சு வைத்துக்கொள்ளாத காது

பெருமாநல்லூருக்கு வடக்கே சோளக்காடு வைத்திருந்த சென்னியப்பனின் காதுகளுக்குள் 1958இல் நுழையத் தொடங்கிய வெடிச்சத்தங்களில் ஒன்றுகூட 1972 வரை வெளியே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் அவை கேட்கும், மூடிய பானைக்குள் வண்டு முட்டுவதுபோல. அதனால் பந்தியில் அவருக்கு இருபுறமும் இலை போடுவதில்லை.

கதிர் பால் பிடிக்கும் நாட்களில் கிளிகள் கூட்டமாக இறங்கும். விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. சுடும்போது கன்னத்துக்குப் பக்கத்திலேயே பொறி பறக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த மச்சினன் கன்னையன் ஒரு நாள் ஒரு பொட்டலம் பஞ்சும், முதலாளி மோட்டார் சைக்கிள் ஓட்டக் கண்ணில் மாட்டிக் கழித்த கண்ணாடியும் கொண்டுவந்தான்.

"வெடி போடறப்ப இதைக் காதுல வெச்சுக்கோணுங்க மச்சான். கண்ணாடியையும் மாட்டிக்குங்க."

"காதுல பஞ்சு எப்ப வெப்பாங்க மாப்பிள்ளை? பாடை கட்டறப்ப. உங்கக்கா தாலி உனக்குக் கனமாப் போச்சா?"

இரண்டையும் சோளக்காட்டுப் பொம்மைக்கு வைத்துவிட்டார். மாசமாக இருந்த மனைவி மயிலாள் மட்டும், "ஏனுங்க, பொம்மைக்குக் காது கேக்குதுங்களா?" என்றாள்.

"அதுக்குப் பொண்டாட்டி இல்ல. அபசகுனம் தட்டாது" என்றார் அவர்.

அடுத்த வருஷம் வலது கண்ணில் ஒரு பொறி விழுந்து அணையாமல் நின்றது. பார்வை போய்விட்டது, வெளிச்சம் மட்டும் மிச்சம். ராத்திரிகளில் மயிலாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கினாள். மகள் முத்தாயி பேசத் தொடங்கியபோதுதான் இழப்பு இன்னதென்று தெரிந்தது. அவள் சொன்ன "அப்பா", காது நிறைய வெடிகள் இருந்ததால் இடமில்லாமல் அவர் தோளில் விழுந்தது. மயிலாள் முந்தானையால் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. கிணற்றடியில் தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தார். பழனிக்குப் போய் மொட்டை போட்டார். முடி போயிற்று, சத்தம் போகவில்லை. மகளின் உதடு அசைவதைப் பார்த்து "என்ன கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வயதில் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

எழுபத்திரண்டு தை மாதம் காய்ச்சலில் போனார். கம்பெனியிலிருந்து நல்ல பஞ்சாகவே கொண்டுவந்திருந்த கன்னையன், காதில் வைக்கக் குனிந்தபோது முதல் வெடி வெளியே வந்தது. மற்றவை சுட்ட வரிசையிலேயே வந்தன. காட்டில் கிளிகள் எழுந்து பறந்தன. மழை விடக் காத்திருப்பவன்போல் கன்னையன் பஞ்சும் கையுமாக நின்றான். கடைசி வெடியோடு கண்ணிலிருந்த பொறியும் அணைந்தது.

முத்தாயி குனிந்து "அப்பா" என்றாள். சொல் தடையில்லாமல் உள்ளே போவதை எல்லோரும் பார்த்தார்கள். "என்ன கண்ணு?" என்று கேட்க உள்ளே ஆளில்லை. சொல் வெளியே விழுந்துவிடக் கூடாதென்று மயிலாள் பஞ்சை வாங்கித் தானே அடைத்தாள். பொழுது சாயுமுன் பாடையை எடுத்துவிட்டார்கள்.