ஒரு லிட்டரும் கொஞ்சமும்

தீவின் மேற்குக் கரையில், அரோராங்கி தேவாலயத்தைத் தாண்டியதும் வண்டி இருமியது. அக்காய்தி கைப்பிடியை முறுக்கிப் பார்த்தாள். சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. திரும்பிப் பார்த்தால் சாலை முழுக்க வெள்ளைப் புகை. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மீன் சுடுகிறாயா என்று சைகையிலேயே கேட்டுவிட்டுப் போனார். அவள் இறங்கி வண்டியை ஒரு மாமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் வாங்கிய அம்மாவின் மருந்துப் பை தோளில் தொங்கியது. மறுநாள் மதியம் ஆக்லாந்துக்கு விமானம். அங்கே அவள் மகளுக்கு இந்த வாரம் பிரசவம். ஆறு மாதம் கூட இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எஞ்சின் கொஞ்சம் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு வண்டியை நேராக நிமிர்த்தித் தொடையால் முட்டுக் கொடுத்தபடி, ஆயில் குச்சியைக் கழற்றிப் பாவாடை ஓரத்தில் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்தாள். குச்சியில் இரண்டு கோடுகள். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆயில், மேல்கோட்டையும் மூழ்கடித்து ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது.

சனிக்கிழமை தம்பி தாமாருவா செய்த வேலை. இந்த ஆறு மாதமும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவன் வேலையில் விடுப்புச் சொல்லிவிட்டு ஆக்லாந்திலிருந்து வந்திருந்தான். "கிளம்புற வரைக்கும் நீ எதையும் தொடாதக்கா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, கேட்காமலே ஆயில் மாற்ற உட்கார்ந்தான். அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்த அக்காய்தி சன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. சாய்ந்த வண்டியில் ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். வலப்பக்கம் விடுகிற குச்சியில் ஒட்டாது. "ஒரு லிட்டர் முழுசா ஊத்தியும் குச்சி நனையலக்கா. பாவம், வண்டி தாகத்துல இருந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவன் இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். வண்டியை நிமிர்த்திப் பார் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் சொல்லவில்லை. அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்ட பன்னிரண்டு வருடத்தில் அந்த வீட்டில் ஒரு வேலையை இன்னொருவர் செய்து அவள் பார்த்தது அன்றுதான். தப்பு என்று வாயைத் திறந்தால் அந்த வேலை திரும்பித் தன் கைக்கே வந்துவிடும் என்று பயந்தாள். சீப்பில் சிக்கிய நரைமுடியை எடுத்துவிட்டு மறுபடி சீவினாள்.

மாமரம் தெரே வீட்டினுடையது. விடுதிச் சலவைக்கூடத்தில் அக்காய்தியோடு வேலை பார்ப்பவள். கேட்காமலே ஒரு பால்பொடி டின்னும் ஸ்பேனரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"யாரு ஊத்துனது?"

"தம்பி."

"அதான பாத்தேன். ஆக்லாந்துல எல்லாமே தாராளம். வண்டிக்கு ஊத்துன கையாலதான் உங்கம்மாவுக்கும் சோறு போடப்போறானா?"

அக்காய்தி சிரித்தாள். அடியிலிருந்த போல்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஆயிலை டின்னில் ஒழுகவிட்டு, மூடினாள். சூடான ஆயில் மணிக்கட்டில் வழிந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றினால் அதுவும் நனைந்திருந்தது. துணியில் ஒற்றி எடுத்து மாட்டினாள்.

"நாளைக்குப் போறேல்ல?" என்று தெரே கேட்டாள். "போன வருஷமும் போறேன்னுதான் சொன்ன. வழியனுப்ப நான் பூமாலையெல்லாம் கட்டி வச்சேன்."

"போறேன்" என்றாள் அக்காய்தி.

மெதுவாக ஓட்டித் தன் ஊரான தித்திகாவேக்கா போய்ச் சேரும்போது மணி இரண்டு. வீட்டு முற்றத்தில், தீவின் வழக்கப்படி அங்கேயே கட்டியிருந்த அப்பாவின் கல்லறை மேடையில் தாமாருவா உட்கார்ந்திருந்தான். ஐம்பதை நெருங்குகிற ஆள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் சட்டை போடாத பையனைப் போல முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். உள்ளே மேசையில் சேப்பங்கிழங்கும் டின் கறியும் தொடாமல் கிடந்தன. அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நாற்காலி நுனியில் இருந்தாள். அக்காய்தியைக் கண்டதும் குரலைத் தணித்து, "யாரோ ஒரு ஆள் வந்திருக்காரு. நல்ல மனுஷனாத்தான் தெரியுது. எப்பக் கிளம்புவாருன்னு கேளு" என்றாள். அக்காய்தி ஊட்ட, முழுத் தட்டையும் சாப்பிட்டாள்.

அவள் வெளியே வந்தபோதும் தாமாருவா எழவில்லை. "காலைலேருந்து அஞ்சு தடவை கேட்டுட்டாங்க, நான் எப்பக் கிளம்புவேன்னு. திட்டியிருந்தாக் கூடப் பரவால்லக்கா. விருந்தாளிகிட்டக் கேக்குற மாதிரி, மரியாதையாக் கேக்குறாங்க."

"பழகிரும்."

"வர ஏன் லேட்டு?"

"ஆயில் ஜாஸ்தி. இன்னும் கொஞ்சம் எடுக்கணும். வந்து பிடி."

அவன் வந்து வண்டியை நிமிர்த்திப் பிடித்தான். அவள் தரையில் மண்டியிட்டுக் குச்சியை எடுத்தாள், துடைத்தாள், வைத்தாள், எடுத்தாள். இன்னும் ஒரு நூல் அளவு மேலே நின்றது. போல்டைத் திறந்து ஒரு மடக்கு ஒழுகவிட்டு மூடினாள்.

"அக்கா."

"ம்."

"ரெண்டு வாரம். நீ ரெண்டு வாரம் கூட இருந்து, அவங்க என்னைப் பழகுன பிறகு போனா என்ன? டிக்கெட்டத் தள்ளிப் போடலாம்ல. என்னால முடியாதுன்னு சொல்லல."

அவள் குச்சியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். மகள் காலையில் போனில் அழுதிருந்தாள், வலியால் அல்ல, அம்மா உண்மையாகவே வருகிறாள் என்ற சந்தோஷத்தில். அதை இவனிடம் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்பான். அடுத்த தடவை குரல் இன்னும் மெலிந்திருக்கும்.

"நேராப் பிடி. சாயுது" என்றாள்.

ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றபோது அம்மா வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத் தொப்பி, காலில் ஒன்றுமில்லை. நேராக வந்து வண்டியின் பின்னிருக்கையில் கைவைத்தாள். "வீட்டுக்குப் போலாம்."

"இதுதாம்மா வீடு."

"எனக்குத் தெரியாதா? சுத்திட்டுப் போலாம்."

ஓட்டிப் பார்க்கவும் வேண்டியிருந்தது. தாமாருவாவும் அவளும் சேர்ந்து அம்மாவை ஏற்றி உட்காரவைத்தார்கள். அம்மா இரண்டு கைகளையும் அக்காய்தியின் வயிற்றைச் சுற்றிக் கோத்து இறுக்கிக்கொண்டாள். எஞ்சின் சுத்தமாக ஓடியது. புகை இல்லை. தீவுக்கு இருப்பது கடலோரமாகச் சுற்றிவரும் இந்த ஒரே பெரிய சாலைதான். எந்தப் பக்கம் கிளம்பினாலும் முக்கால் மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். விமான நிலையத்துச் சுவரோரம் யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவாருவாக் கடைகள், மாத்தாவேரா, முரியில் அவள் வேலை பார்க்கும் விடுதியின் வெள்ளைத் துணிகள் என எல்லாம் வந்து போயின. அம்மாவின் தாடை அவள் முதுகில் பதிந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அந்த இடம் சூடாகி ஆறியது. கோத்த விரல்களைக் கொஞ்சம் தளர்த்திவிட அவள் ஒரு கையால் முயன்றாள். விரல்கள் அசையவில்லை.

தித்திகாவேக்கா வளைவில் வேகத்தைக் குறைத்தாள். தாமாருவா வேலிக்கு வெளியே சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"நிக்காத" என்றது முதுகிலிருந்த குரல். "போ."

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வீடும் கல்லறையும் சட்டென்று பின்னால் போயின. கண்ணாடியில் தம்பி ஒரு கையைத் தூக்கியது தெரிந்தது. தூக்கிய கையை அவன் ஆட்டவில்லை. வண்டி அடுத்த வளைவில் திரும்பும்வரை அது அப்படியே மேலே நின்றது.