தூணுக்குக் கீழே

குருசாமிக் கவுண்டர் குழி ஓரமாகக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். கோயில் மேட்டில் தொல்பொருள் இலாகாக்காரர்கள் மண்வெட்டி வைப்பதற்கு ஊர் போட்ட ஒரே நிபந்தனை அது. உள்ளேயிருந்து எது வந்தாலும் ஊர்க்கவுண்டர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். பெரிய காவல்தான், போங்கள். புதையல் வரும் என்று நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்த ஊருக்கு உடைந்த ஓடும் செங்கல்லும்தான் வந்தன.

முத்தாத்தாள் அந்தக் குழியில் மண் சுமந்தாள். அவள் புருஷன் நஞ்சப்பன் மண் வெட்டினான். எழுபத்தைந்தாம் வருஷக் கோடை. மழை ஏமாற்றிக் கடலைக்காடு காய்ந்து கிடந்த நேரத்தில், கூலி கொடுக்க எவன் வந்தாலும் சாமிதான். மேற்குப் பக்கம் தோண்டியவரைக்கும் இருவருக்கும் ஒரு கவலையும் இல்லை.

அன்று காலை ஆபீசர் தாமோதரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தார். திருச்சூரிலிருந்து வந்தவர். மேட்டுக்குள் இருப்பது எண்ணூறு வருஷத்துச் சமணக் கோயில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் கருவறை வாசல் எங்கே என்பதுதான் மனுஷனின் தூக்கத்தைக் கெடுத்தது.

“இனி இந்த பாகம். அந்தத் தூணின்டெ அடிவரைக்கும் எடுக்கணும்,” என்றார்.

முத்தாத்தாள் திரும்பிப் பார்த்தாள். சாய்ந்து கிடந்த அந்தத் தூணின் அடியில்தான் அவள் மகள் இருந்தாள்.

அது நடந்து பத்து வருஷம் இருக்கும். பேர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்ட குழந்தை. அன்றைக்கென்று ஆற்றில் வெள்ளம். புதைகாடோ அக்கரையில். நஞ்சப்பன் ஆள் இல்லாத நேரம் பார்த்து மேட்டில் புதைத்துவிட்டு, ஆற்றங்கரையில் அடக்கம் பண்ணியதாக ஊரில் சொல்லிவிட்டான். செருப்புக் காலோடு ஏறினாலே அபராதம் போடுகிற மேடு அது. மழை வேண்டி ஊரே பொங்கல் வைக்கிற இடம். அங்கே பிணம் வைத்தது தெரிந்தால் வராத மழைக்கெல்லாம் பழி அவர்கள் தலையில்தான். கிணற்றில் தண்ணீர் சேந்த விட மாட்டார்கள், மகனுக்கு ஒருத்தரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

கூடையை இறக்குகிற சாக்கில் நஞ்சப்பன் பக்கத்தில் குனிந்தாள்.

“ஏனுங்க…”

“வாய மூடிட்டு மண்ண அள்ளு புள்ள,” என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. “இத்தன வருசத்துல மண்ணோட மண்ணாப் போயிருக்கும்.”

“போகாம இருந்தா?”

அவன் மண்வெட்டியை எடுத்தான். ஓங்கி வெட்டியே பழகிய கை அன்று மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து கவுண்டருக்குப் பொறுக்கவில்லை. “ஏன்டா நஞ்சப்பா, மண்ணுக்கு வலிக்குமின்னு பாக்கறயா?”

உச்சிப் பொழுதில் தூணடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. தாமோதரன் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பிரஷ்ஷோடு இறங்கினார். மண் விலக விலக, இரண்டு விரலுக்கு மேல் நுழையாத ஒரு கருவளையல் தெரிந்தது. பக்கத்தில் எலும்பு, துவரைக் குச்சி கனம். முத்தாத்தாள் கூடையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கவுண்டர் எழுந்து நின்றார். “கோயில் கட்டுன காலத்துக் கொழந்தைங்களா சார்?”

“ஆகலாம். இப்ப சொல்ல முடியாது. திருச்சூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் அறியாம்.”

கவுண்டருக்கு அது போதும். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். “தெய்வக் கொழந்தை. அதுதான் மம்பட்டிக்கு வர மாட்டேன்னு அடம் புடிச்சிருக்குது.”

நஞ்சப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று அவன் கண் சொன்னது. பேசாமல் இரு என்று கெஞ்சவும் செய்தது. அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனால் போதும். ஊர் மாலை போட்டுக் கும்பிடும், சாயங்காலம் ஜீப் போய்விடும், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியில் பஞ்சு பரப்பினார்கள். “இதுக்கு ஒரு நம்பர் போடு,” என்றார் தாமோதரன் உதவியாளரிடம்.

பெற்ற பிள்ளையைப் பேர் வைக்காமல் அனுப்பிவிட்டோமே என்று பத்து வருஷமாக அவள் நெஞ்சு ஆறவில்லை. காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் மேட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாவது இருந்தாள். இனி அதுவும் இல்லை. எங்கேயோ ஒரு அலமாரியில், யாரோ பெற்ற பழங்காலத்துப் பிள்ளையாக, நம்பரோடு கிடக்கும்.

கூடையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“அது பழசில்லீங்க சார். எம்புள்ளைங்க.”

பிரஷ் நின்றது. “எந்தா பறஞ்ஞே?” என்றார் தாமோதரன். தமிழ் அவருக்கு மறந்துவிட்டது.

“அந்த வளையல நாந்தான் போட்டு உட்டனுங்க. சோடில ஒண்ணு. இன்னொண்ணு ஊட்ல இருக்குதுங்க. நம்பரெல்லாம் வேண்டாமுங்க. அவ பேரு கமலாத்தா.”

நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பேரை அவன் கேட்டதே இல்லை.

தாமோதரன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு வளையலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். முத்தாத்தாள் மண்டியிட்டு, ஒன்றையும் விடாமல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். அவள் மேலே ஏறி வந்தாள். கவுண்டர் கும்பிட்ட கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“ஊர்க்கூட்டத்துல வந்து பதில் சொல்லோணும், முத்தாத்தா. தெரியுமல்ல?”

“வாறனுங்க. மொதல்ல இவள அக்கரைக்குக் கொண்டு போயிட்டு வந்தர்றனுங்க.”

யாரும் மறிக்கவில்லை. அவள் இறங்கி நடந்தாள். நஞ்சப்பன் கொஞ்ச நேரம் குழிக்குள்ளேயே நின்றிருந்தான். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். ஆற்றில் அன்று கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை.