நான் வெட்டிய ஆறு வரிகள்

1

இந்தக் கதை, ஒரு கட்டுரையில் நான் வெட்டியெறிந்த ஆறு வரிகளிலிருந்து பிறந்தது. குழந்தைகளின் பித்தக்குழாய் நீர்க்கட்டியை வயிற்றைத் திறக்காமல் துளைவழியே அகற்றுவது பற்றிச் சென்ற ஆண்டு ஹனோய்ப் பத்திரிகையில் எழுதினேன். ‘நான்கு துளைகள், தழும்பில்லை’ என்று தலைப்பு. பக்கத்தில் இடம் போதாமல் கடைசிப் பத்தியை நானே எடுத்தேன்.

என் தங்கை லுவா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு எட்டு வயதில் அதே நோய். விலாவிலிருந்து விலாவரை தழும்பு. பள்ளியில் அவளைத் ‘தைத்த மூட்டை’ என்பார்கள். இன்றுவரை கடலில் இறங்கியதில்லை.

இந்த ஆண்டு அவள் மகள் மியெனுக்கும் வயிற்றுவலி வந்தது. அதே நீர்க்கட்டி. நான்கு வயது.

2

முதல் தொடக்கம்: “ஆஸ்பத்திரி வாசலில் மழை விடாமல்…” (அன்று வெயில். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: “லுவா மூடநம்பிக்கை மிகுந்தவள். அதனால்தான்…” (இது மழையைவிடப் பெரிய பொய்.)

நடந்தது இது. கட்டுரைக்காக நான் பேட்டி கண்ட டாக்டர் கியெம்தான் அறுவைக்குத் தேதி குறித்தார்; அது சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் விழுந்தது. ஆவிகள் அலையும் மாதம். எங்கள் வீட்டில் அப்போது புதுச் செருப்புகூட வாங்கமாட்டோம். லுவா தயங்கினாள். “மூணு வாரந்தானே, தள்ளிப்போடு” என்றவன் நான். கல்லூரி படித்தவன், நிருபர்.

அந்த மூன்று வாரத்தில் மியெனுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்து கண் மஞ்சளித்தது.

3

காய்ச்சலை மருந்தால் அடக்கிய பிறகு, ஒப்புதல் தாளை டாக்டர் நீட்டினார். துளைவழி தொடங்குவோம், தேவைப்பட்டால் திறப்போம் என்றிருந்தது. லுவா இரண்டாம் பாதியை விரலால் மறைத்துக்கொண்டு, இதுவரை மட்டும் கையெழுத்திடுகிறேன் என்றாள். பையிலிருந்து என் கட்டுரையை எடுத்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் அதைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. [திட்டியிருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும்.]

“உள்ள செய்யற வேலை ஒண்ணுதாம்மா. கெட்ட குழாய மிச்சமில்லாம எடுக்கணும், நல்ல குழாயக் குடலோட சேத்துத் தைக்கணும். மிச்சம் விட்டா பின்னாடி புத்துநோய் வரலாம். காய்ச்சல் வந்து சீழ் புடிச்சு ஒட்டிக்கிட்டிருந்தா, வயித்தத் தெறந்து கையால தொட்டுப் பாத்துத்தான் பிரிக்கணும். இத உங்க அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன்.”

லுவா என் பக்கம் திரும்பினாள்.

“சொன்னாரா?”

“சொன்னாரு. இடம் பத்தல.”

“எத்தன வரிண்ணா?”

“ஆறு.”

தாளிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள். “என்னத் தெறந்ததால தானே டாக்டர் நான் இருக்கேன்” என்று, கேள்வியா பதிலா என்று தெரியாத குரலில் சொல்லிவிட்டு, முழுத் தாளுக்கும் கையெழுத்திட்டாள்.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் நான்கு சிறிய கட்டுகள். அதில் நான் தப்பிக்கிறேன். ஆகவே அதை நம்பவில்லை. மற்றதில் ஒரே நீண்ட கட்டு. அதில் எனக்குத் தண்டனை கிடைக்கிறது. ஆனால் அந்தத் தண்டனை மியென் வயிற்றில் அல்லவா எழுதப்படும்? அதையும் அடித்தேன்.

மிஞ்சியது இவ்வளவுதான். ஏழு மணி நேரம் கழித்து அறுவை அறைக் கதவு திறந்தது. கழுத்துவரை போர்வையோடு மியென். பின்னால் வந்த டாக்டர், “முழுசா எடுத்தாச்சு, பித்தம் ஒழுங்கா எறங்குது” என்றார். எந்த வழியாக என்று சொல்ல வாயெடுத்தார். லுவா கையைக் காட்டி நிறுத்தினாள்.

குனிந்து, மகளை வீட்டுப் பெயரால் கூப்பிட்டாள். கெட்டது எதுவும் ஆசைப்படாதிருக்க நாங்கள் வைத்த அசிங்கமான பெயர்.

“தவளை. ஏய் தவளை.”

குழந்தையின் இமை அசைந்தது.

போர்வை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. விலக்கிப் பார்ப்பவர் நீங்களாக இருந்தால், என்ன கண்டாலும் குறைக்காமல் எழுதுங்கள். இந்த முறை பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன், ஆறு வரிக்கு.