பின்னறை

"அவங்க கெளம்புற வரைக்கும் நீ பின்னறைய விட்டு வெளிய வரக்கூடாது. இருமல் வந்தா வாயப் பொத்திக்க" என்றாள் மாமியார்.

"தும்மல் வந்தா அத்தை?" என்று கேட்டாள் மூத்த மருமகள்.

மாமியார் கதவைச் சாத்தினாள். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அரசாங்க உத்தியோகம். எந்த இலாகா என்று கேட்க மாமியாருக்குத் தோன்றவில்லை. அரசாங்கம் என்ற சொல்லே வயிற்றை நிறைத்துவிட்டது. அப்படிப்பட்ட சம்பந்தத்தின் கண்ணில், சிறைக்குப் போய் வந்த மருமகள் படலாமா?

மருமகள் தையல்காரி. துணி தைக்கப் போன வீட்டில் நகை காணாமல் போனது. விசாரணைக் கைதியாகவே மூன்று வருஷம் உள்ளே கிடந்தாள். கடைசியில் நகை அந்த வீட்டு அலமாரிக்குப் பின்னாலேயே கிடைத்தது. நீதிமன்றம் அவளை விடுவித்தது. மாமியார்தான் இன்னும் விடுவிக்கவில்லை.

கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் கை கழுவ எழுந்த மாப்பிள்ளையின் அம்மா, கதவு மாறி, பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தையல்காரி! நீயா?"

"வார்டரம்மா! வாங்க. நம்ம கொட்டடி எப்படி இருக்கு? கூரை இன்னும் ஒழுகுதா?"

ஒழுகாமல் என்ன செய்யும்? ஏதோ ஒரு ராஜா குதிரை கட்டக் கட்டிய லாயம் அது. பிறகு தானியக் கிடங்கானது. எலிகள் தின்று தீர்த்தபின், இனி மனிதர்கள் இருக்கட்டும் என்று சிறையாக்கினார்கள். ஒருத்தி புரண்டு படுத்தால் வரிசை முழுவதும் புரள வேண்டும்.

"உன் எடத்துல இப்ப ரெண்டு பேரு படுக்குறாங்க" என்றாள் வார்டரம்மா. "எங்க குவார்ட்டர்ஸ் மட்டும் என்ன வாழுதாம்? அதே லாயத்தோட மறுபாதிதான்! ஆமா, நீ ஏன் இங்க தனியா உக்காந்திருக்க?"

"ஜெயிலுக்குப் போனவளாச்சே. சம்பந்தக்காரங்க கண்ணுல படக்கூடாதாம்."

வார்டரம்மாவின் சிரிப்பு நின்றது. கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் சரிதான். எங்க வீட்டுக்காரரும் ஒரு மாதிரி. நீ இப்படியே இரு. நான் பாத்ததாவே காட்டிக்க மாட்டேன்."

பெரிய உபகாரம் செய்தவளைப் போலக் கதவை இழுத்துச் சாத்தப் போனாள். மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க நீங்க பூட்டுனீங்க, இருந்தேன். இங்க பூட்டே இல்லயே. நான் எதுக்கு இருக்கணும்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வார்டரம்மாவும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"இவங்க யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"தூரத்து..." என்று ஆரம்பித்தாள் மாமியார்.

"இந்த வீட்டு மூத்த மருமக" என்றாள் அவள். "உங்க வீட்டம்மாவும் நானும் மூணு வருஷம் ஒரே மதிலுக்குள்ள இருந்தோம். அவங்க சம்பளத்துக்கு, நான் பொய்க் கேசுக்கு."

டீத் தட்டோடு வந்த மணப்பெண் வாசலிலேயே நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு நேராக மருமகளிடம் போய்க் குனிந்தாள்.

"மொதல்ல நீங்க எடுத்துக்குங்க, அண்ணி."

அடுத்து தட்டு வார்டரம்மாவிடம் வந்தது. எல்லார் கண்களும் அவள் மேல்தான். அவள் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"டீ நல்லா இருக்கு" என்றாள், இன்னும் குடிக்காமலேயே.