சாப்பாட்டு மேசையில் விழுந்த வெட்டு

தையல்காரி தன் அக்கா வீட்டுப் பின்னறையில் மெஷினைப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. மெஷினுக்கு இடம் இருந்தது, தைத்ததைத் தொங்கவிட ஆணி இருந்தது. துணி வெட்டத்தான் மேசை இல்லை. தரையில் பாயை விரித்து, மண்டியிட்டு, தவழ்ந்து தவழ்ந்து வெட்டுவாள். நாற்பத்தைந்து வயதில் முட்டி இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கின. அதிலிருந்து, அக்கா வேலைக்குப் போன பிறகு, கூடத்துச் சாப்பாட்டு மேசையில் துணியை விரித்துக்கொள்வது வழக்கமாயிற்று. அக்காவுக்கு இது தெரியாது. தன் முதல் போனஸில் அக்கா வாங்கிய மேசை அது. சூடான பாத்திரத்தை அதில் வைத்தாலே வீடு இரண்டாகும்.

கத்தரிக்கோல் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சக்கரக் கத்தி வாங்கியதில்தான் வந்தது வினை. வட்டத் தகடு உருண்டுபோய் நாலு மடிப்புத் துணியையும் ஒரே இழுப்பில் அறுத்துவிடும். கீழே போட கட்டிங் மேட் என்று ஒரு கெட்டி விரிப்பு உண்டு, அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். விலையைப் பார்த்ததும், "வீட்டுல அட்டை இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அட்டை என்னவோ இருந்தது. சீருடைக் காலர்களை வெட்டி முடித்து அட்டையைத் தூக்கினால், மேசையில் சாண் நீளத்துக்கு ஐந்தாறு கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. எண்ணெய் தடவினாள், மெழுகு தேய்த்தாள். கீறல் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

சாயங்காலம் வந்த அக்காவின் கண் நேரே அங்கேதான் போனது. திரும்பி அத்தானைப் பார்த்தாள்.

அத்தான் தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவில் எந்த எண் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது வீட்டுச் சமையல் அவர் பொறுப்பு. கொஞ்ச நாளாக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவதும், பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவதுமாக இருந்தார்.

"பலகை போடாம காய் வெட்டினீங்களா?"

அத்தான் மேசையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "நானா? வெட்டியிருப்பேன் போல."

தையல்காரி ஊசியில் நூல் கோத்தபடி அறை வாசலில் நின்றிருந்தாள். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி போய்விட்டது.

மறுநாள் அத்தானே அவள் அறைக்கு வந்தார். "நீ வீட்டுலதானே இருந்தே? நான் வெட்டினதைப் பாத்தியாம்மா?"

"விடுங்க அத்தான். ஒரு மேசைக்குப் போயி இவ்ளோ யோசிப்பாங்களா?"

முந்தின நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது பாதிப் பொய் என்றால், இது முழுசு.

அதன் பிறகு அத்தான் கத்தியைத் தொடவில்லை. அக்கா விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டு அரக்கப்பரக்க வேலைக்கு ஓடினாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று அத்தான் நாலு தடவை போய்ப் பார்த்தார். துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு கிடைத்தது. 'பலகை போட்டு வெட்டு' என்று முத்து முத்தான எழுத்து. தையல்காரி அதை மடித்தபடியே அவர் அலமாரியில் வைத்தாள். சொல்லிவிடலாம் என்று அடுக்களை வரை போவாள். அக்காவின் களைத்த முகத்தைக் கண்டதும் தண்ணீர் குடிக்க வந்தவள் போலத் திரும்பிவிடுவாள்.

பத்தாம் நாள் அக்கா சொன்னாள்: "டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீயும் வா. பகல்ல கூட இருக்கிறவ நீதானே."

டாக்டர் வயதில் சின்னவள். பொறுமையாகக் கேட்டாள். கண்ணாடி, பால் எல்லாம் சொல்லிவிட்டு அக்கா தொண்டையைச் செருமினாள். "அதெல்லாம் கூடப் பரவாயில்லைங்க. மேசையையே கண்டபடி வெட்டி வச்சிருக்கார். வெட்டின ஞாபகமே இல்லை."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் தையல்காரி பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா?"

"அவர் வெட்டலை." என்றாள் தையல்காரி. "நான்தான் வெட்டினேன். துணி வெட்டும்போது."

டாக்டரின் பேனா நின்றது. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அத்தானின் முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. அவருக்குக் கோபமே வரவில்லை. பரீட்சையில் தேறிய பையனைப் போலச் சிரித்தார்.

"அப்ப நான் பண்ணலையா? பாத்தியா, நான் பண்ணலை!"

மீதி மறதிக்கு டாக்டர் சில பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தாள். பயப்படும்படி இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றாள்.

வீட்டில் அக்கா தட்டை வைத்தாள், சோறு போட்டாள், பேச்சு மட்டும் கிடையாது. மறுநாள் காலை அத்தான் அளவு நாடாவுடன் பின்னறைக்கு வந்தார். "சுவரோரமா ஏழடி கொள்ளும். உனக்குன்னு ஒண்ணு வாங்கிடுவோம். வா."

கடையில் விற்கும் கட்டிங் டேபிள் யானை விலை. கண்ணாடி போட்டால் கத்தி மழுங்கும். மெல்லிய பிளைவுட் நடுவில் தொய்யும். கடைசியில், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் ஒரு பழைய கதவு கிடைத்தது. வழவழப்பான தட்டைக் கதவு, கோணலில்லை, விலையும் கைக்கு அடக்கம். வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டு இழுப்பறைப் பெட்டிகள் மேல் வைத்தால் இடுப்பு உயரம் வரும். சக்கரக் கத்தி ஓட்டும் இடத்துக்கு மட்டும் ஒரு சின்ன மேட் போதும். இவ்வளவுதான் விஷயம். இதை முன்பே செய்திருக்கலாம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

அத்தானின் வாய்தான் ஓயவில்லை. சாமான் கடைக்காரரிடம், "எங்க வீட்டு மேசையில வெட்டு விழுந்திடுச்சு. நான்தான்னு நெனச்சேன். கடைசியில பாத்தா இவ!" என்றார். மேட் கடையிலும் அதையே சொன்னார். பரிகாசமாக இல்லை, நல்ல செய்தி சொல்வது போல. போதும் அத்தான் என்று சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை? கதவை ஏற்றிய வண்டிக்காரரும் கதையைக் கேட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றாள். "நான்தான்."

நாலாம் நாள் அக்கா காபித் தம்ளருடன் அறை வாசலில் வந்து நின்றாள். தங்கை அந்தக் கதவின் மேல் துணியை விரித்து நிமிர்ந்து நின்று வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தப் பூட்டு ஓட்டையை அடைச்சுவிடு. துணி மாட்டிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.