தாரை வார்க்க ஒரு ஜோடி

யூனியன் கூட்டத்துக்காகத் தூணில் ஒட்டியிருந்த வண்ணக் காகிதத்தைப் புஷ்பவல்லி தண்ணீர் தொட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எந்தப் புண்ணியவானோ பசையை அள்ளி அப்பியிருந்தான். விடிந்தால் இதே சமுதாயக் கூடத்தில் கஸ்தூரியின் மகள் விஜயகுமாரிக்குக் கல்யாணம். அதை நினைக்கும்போதெல்லாம் கையிலிருந்த தகடு காகிதத்தோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் பெயர்த்தது.

கஸ்தூரி வேற்று ஆள் இல்லை. இருவரின் புருஷன்மாரும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரே ஊர், பங்காளிகள். ஒரே பஸ்ஸில்தான் நெய்வேலிக்கு வேலை தேடி வந்தார்கள். கஸ்தூரியின் புருஷன் துரைராஜ் மைன்ஸில் பெர்மனென்ட் ஆனான். புஷ்பவல்லியின் புருஷன் கலியன் கான்ட்ராக்டிலேயே கிடந்தான். அதிலும் மனசு வந்த நாளைக்குத்தான் வேலை. எழுபத்தொன்பதில் துரைராஜ் நெஞ்சுவலி வந்து செத்துப்போனான். அவனுக்குப் பதிலாகக் கஸ்தூரிக்குக் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். அந்த வேலை வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள்: புஷ்பவல்லி வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும் இதே கூடம்.

துடைப்பம் பிடிக்கத் தெரியாமல்தான் கஸ்தூரி வந்தாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து உட்காரும், வெறுமனே பெருக்கினால் எழும்பித் திரும்பவும் நாற்காலியில் படியும், ஈர மரத்தூளைத் தூவித்தான் பெருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் புஷ்பவல்லி. கற்றுக்கொண்டவளுக்குக் குவார்ட்டர்ஸ், யூனிஃபார்ம் சேலை, சோப்பு. கற்றுக்கொடுத்தவளுக்கு மேஸ்திரியின் ஏச்சு. இப்போது மகள் கல்யாணத்துக்குச் சம்பளத்தோடு லீவும், பெர்மனென்ட் ஆட்கள் வீட்டு விசேஷத்துக்கு மட்டுமே கொடுக்கிற இந்தக் கூடமும். அதைக் கழுவி மெழுகி வைப்பது மட்டும் இவள் பாடு.

ஒருநாள் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துரைராஜுக்குப் பதில் இந்த மனுஷன் போயிருந்தால் என்று மனசு ஆரம்பித்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பாழும் மனசு மிச்சத்தையும் யோசித்து முடித்தது. கலியன் கான்ட்ராக்ட் ஆள். அவன் செத்தாலும் ஒரு துடைப்பக்குச்சிகூட வராது. தாலி அறுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அன்றைக்கெல்லாம் கூச்சமாக இருந்தது. கூசினால் மட்டும் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுகிறதா என்ன.

நாற்காலிகளை விரித்து வரிசை போட ஆரம்பித்தபோது கஸ்தூரி உள்ளே வந்தாள். கல்யாண வீட்டுக்காரி குற்றம் கண்டுபிடிக்க வருகிறாள் என்று புஷ்பவல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கஸ்தூரியோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் ஒரு நாற்காலியை எடுத்து விரித்தாள்.

"நீ எதுக்குக்கா? லீவு போட்டவங்க வேல செய்யக்கூடாது."

குத்தல் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"புஷ்பா, எங்க வூட்டுக்காரரு தம்பி கல்யாணத்துக்கு வர மாட்டன்னுட்டாரு. அவரு புள்ளைக்கி வர வேண்டிய வேலய நான் புடுங்கிக்கினனாம். இப்பதான் ஆளு வந்து சொல்லிட்டுப் போவுது."

"அதுக்கு?"

"தார வாக்க ஜோடி வேணுமில்ல. நான் மேடயில ஏற முடியுமா? அவரும் அவரு சம்சாரமும் நிப்பாங்கன்னு இருந்தேன்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீயும் கலியனும் நில்லுங்க. கொமரி ஒன்ன சித்தின்னுதான கூப்புடுது. வேற பங்காளி இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா?"

சரி என்று சொல்ல ஒரு நொடி போதும். புஷ்பவல்லிக்கு அந்த நொடியைக் கொடுக்க மனசில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இவள் தன்னிடம் ஒன்றைக் கேட்டு நிற்கிறாள். அப்படி நிற்பதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இனித்தது என்றே சொல்ல வேண்டும்.

"அவரக் கேக்கணுங்கா. ஷிப்டுக்குப் போயிருக்காரு."

பொய். கலியன் வீட்டில் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"கேளு, கேளு" என்றாள் கஸ்தூரி. "கேக்கறதுக்கு ஒனக்கு ஆளு இருக்காரு."

குத்திக்காட்டுகிறாளா என்று புஷ்பவல்லி நிமிர்ந்து பார்த்தாள். கஸ்தூரி அடுத்த நாற்காலியை எடுக்கக் குனிந்திருந்தாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் கலியன் எழுந்து உட்கார்ந்தான். "நானா? மேடயிலயா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு யாரும் சொல்லாமலே சவரம் செய்துகொண்டு வந்தான், சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தான். இவனுக்கு இவ்வளவு சுறுசுறுப்பு எங்கே இருந்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து வீட்டுப் பட்டம்மாளிடம் ஒரு பட்டுச்சேலை இரவல் வாங்கிக்கொண்டு, கஸ்தூரிக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினாள்.

காலையில் கூடம் நிறைந்திருந்தது. எத்தனையோ கல்யாணத்துக்குத் துடைத்த மேடைதான், ஆனால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அவள் அதில் ஏறியதில்லை. கால் கூசியது. கலியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றான். விஜயகுமாரியின் கையில் தேங்காயைக் கொடுத்து, அந்தக் கைக்குக் கீழே கலியன் கையை வைக்கச் சொன்னார் ஐயர். தண்ணீர்ச் செம்பு புஷ்பவல்லியிடம்.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது கஸ்தூரி எங்கே என்று தேடினாள். சமையல் கட்டுக் கதவோரம் பாதி மறைந்து நின்றுகொண்டிருந்தாள். கூடமே பெண்ணைப் பார்க்க, பெற்றவள் பார்வை பெண் மேல் இல்லை. கலியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவரம் செய்த கன்னத்தை, மடிப்புக் கலையாத சட்டையை, அவன் முழங்கை புஷ்பவல்லியின் தோளில் இடித்துக்கொண்டிருப்பதை. அது எந்தப் பார்வை என்று புஷ்பவல்லிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக அதைத்தான் அவள் கஸ்தூரியின் முதுகில் வைத்துக்கொண்டு பெருக்கினாள்.

"ஊத்துங்கோம்மா" என்றார் ஐயர்.

கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளலாம். இடம் இருந்தது. புஷ்பவல்லி கலியனோடு இன்னும் ஒட்டி நின்றுகொண்டு செம்பைச் சாய்த்தாள்.