மச்சான் வீட்டில் என் நுரையீரல்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் நுரையீரல்கள் இரண்டும் கோபித்துக்கொண்டு, ஆனைமலையில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டன. நான் இரும்பு தேய்க்கும் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து வெளியே வந்து, கார் ஷெட் ஷட்டரைத் தூக்கிவிட்டு நடந்து, பொள்ளாச்சி பஸ் ஏறியிருக்கின்றன. கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கொடுத்தாராம். இரண்டும் ஒரே சீட்டில் அடங்கிவிட்டனவாம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு கார் ஷெட்டில் வெல்டிங் செய்வேன். கார் தெருவில் நிற்கும். அப்போது என் மனைவி சுகந்தாமணிக்கு ஓர் இரும்பு ஊஞ்சல் செய்துகொண்டிருந்தேன். ஊஞ்சல் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.

நான் கவனமில்லாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வேன். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு டம்ளர் பால், முடித்ததும் ஓர் உருண்டை வெல்லம். தூசியெல்லாம் வெல்லத்தோடு வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்பது என் கணக்கு. சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாதே என்று ஷட்டரையும் இறக்கிவிடுவேன். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைப் பற்றவைத்தால் வெள்ளையாகப் புகை வரும். அன்று சாயங்காலம் குளிர் ஜுரமும் வரும். பனிக்காலம் என்று நினைத்துக்கொள்வேன்.

நுரையீரல் ஒரு வீட்டில் நாற்பது நாள் தங்கிவிட்டால் அந்த வீட்டுக்கே சொந்தம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் முதல் வாரம் நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நுரையீரல் இல்லாமல் காலம் தள்ள முடியாதா என்ன? கன்னத்தில் தங்கும் காற்றை வைத்து ஒரு தடவைக்கு இரண்டு சொல் பேசலாம். சுகந்தாமணிகூட, "வீடு அமைதியா இருக்குதுங்க" என்றாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சூடான காபியை ஊதிக் குடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்தால் வாய் மட்டும் திறந்து மூடியது. மல்லிகைப்பூ வாசனை தெரியவில்லை. ஒருநாள் அடக்கமாட்டாமல் அழுதேன். கண்ணீர் வந்தது, விம்மல் வரவில்லை. பாதி அழுகை மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

"ஏனுங்க, போய்க் கூட்டிட்டு வர்றதுதானே? வீம்பு எதுக்குங்க?" என்றாள் சுகந்தாமணி.

இருபதாம் நாள் போனேன். தென்னந்தோப்பில் கயிற்றுக்கட்டில் போட்டு இரண்டையும் படுக்க வைத்திருந்தார்கள். நிறமே மாறிவிட்டது. கருகிய தோசை மாதிரி இருந்தவை ரோஜாப்பூவாக இருந்தன. பக்கத்தில் மச்சான் தெய்வசிகாமணி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். தங்கச்சி புருஷன் வந்தால்கூட பீடியை அணைக்காத மனுஷர், இவற்றுக்காகப் பீடியையே விட்டுவிட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது.

கொண்டுபோன வெல்லத்தை முன்னால் வைத்தேன். "வீட்டுக்கு வாங்க" என்றேன். இரண்டு சொல் தீர்ந்துவிட்டது. இடது நுரையீரல் திரும்பிப் படுத்துக்கொண்டது. வலது ஒரு தடவை இருமி, வெல்லத்தின் மேல் கறுப்பாகக் கொஞ்சம் துப்பியது.

"சும்மா அனுப்ப முடியாதுங்க மாப்ள" என்றார் மச்சான். "என் தங்கச்சியைக் குடுக்கறப்ப உங்க வீட்டைப் பாத்துட்டுத்தானே குடுத்தோம்? அதே முறைதான். முப்பத்தொம்பதாம் நாள் நாங்க வீடு பாக்க வர்றோம். இதுங்களுக்குப் புடிச்சா விட்டுட்டுப் போறேன். புடிக்கலைன்னா மறுநாள் பேர் வெச்சிருவோம்."

பேரெல்லாம் பார்த்து வைத்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மில்லில் வெல்டர் மாசிலாமணியிடம் ஆலோசனை கேட்டேன். நான் என்னென்ன செய்துவந்தேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "பால் வயித்துக்குப் போகுது சார். புகை எங்கே போகுது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் சொன்னபடி ஜிஐ பைப்பைத் தள்ளிவிட்டுப் பூச்சில்லாத கறுப்பு பைப் வாங்கினேன். பின்சுவரை உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். இரும்புத் தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். இரண்டு பக்கமும் வட்ட ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க் ஒன்றும் வாங்கினேன்.

முப்பத்தொன்பதாம் நாள் காலை வந்தார்கள். மச்சான் சலவை வேட்டியில், கையில் தாம்பாளம், அதன்மேல் இரண்டும். சுகந்தாமணி காபி கொடுத்தாள். நுரையீரல்கள் வேண்டாம் என்றுவிட்டன. இடது ஃபேன் அருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றது. வலது தரையில் ஒரு சுற்று உருண்டு, தூசி ஒட்டியிருக்கிறதா என்று தன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டது. மச்சான் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மேல் விரலால் தடவிப் பார்த்தார். நான் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு ஊஞ்சலின் ஒரு மூலையைப் பற்றவைத்துக் காட்டினேன். புகை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனது.

கடைசியாக மாஸ்க். ஃபில்டர் இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்தால், அது முகத்தோடு ஒட்ட வேண்டும். இழுக்க என்னிடம் என்ன இருக்கிறது? மச்சான் யோசித்து, "சோதனைக்கு மட்டும் போய்ட்டு வாங்க கண்ணுகளா" என்றார். வலது மட்டும் உள்ளே வந்து இழுத்தது. மீசை ஓரத்தில் புஸ்ஸென்று காற்று புகுந்தது. உடனே வெளியே வந்து தாம்பாளத்தில் உட்கார்ந்துகொண்டது.

என் மீசை இருபத்தாறு வருஷ மீசை. இரண்டு பக்கமும் கிருதாவைத் தொடும். பொண்ணு பார்க்கப் போன அன்று சுகந்தாமணி என் முகத்தைப் பார்க்கவில்லை, மீசையைத்தான் பார்த்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். சுகந்தாமணி என்னைப் பார்த்தாள். "மீசையா பெருசுங்க? போங்க" என்றாள். நான் குளியலறைக்குப் போய் மழித்துக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்து, "இது யாருங்க?" என்று சிரித்தாள்.

இந்தத் தடவை இரண்டும் உள்ளே வந்தன. பொத்தி இழுத்தேன். மாஸ்க் முகத்தைக் கவ்விக்கொண்டது. காத்திருந்தேன். அவை வெளியே வரவில்லை.

மாஸ்க்கைக் கழற்றி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தேன். காபி வாசனை, அவள் தலையிலிருந்த பூ வாசனை. "சுகந்தாமணீ!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், பாவம், காதைப் பொத்திக்கொண்டாள்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளில் மாட்டியிருந்த துணிப்பையை என்னிடம் நீட்டினார். "இதையும் வெச்சுக்கங்க மாப்ள. எங்கூட்டுக்கு வந்த அப்புறம் பொறந்தது. அப்பனாத்தாவை விட்டு இருக்காதுங்க." உள்ளே கைக்குட்டை அளவில் ஒரு குட்டி நுரையீரல் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். இதற்குத் தகுந்த மாதிரி சின்ன மாஸ்க் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் அதன் கன்னத்தைத் தட்டி, "எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று கேட்டுவிட்டு, மேல்தட்டிலிருந்து நீலத்தில் ஒன்றும் ரோஸில் ஒன்றுமாக இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்தார்.